காலியாக விடலாம்

மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலிக்கு வந்தபோது மகுடேஸ்வரனுக்கு வாயில் ரசத்து மிளகின் காரம் இன்னும் இருந்தது, திரையில் தந்தை பெயர் இருந்தது. யாருடைய தந்தையும் இல்லை, வெறும் அந்த இரண்டு சொற்கள். பள்ளிக்கூடங்களுக்கான இந்த மென்பொருளை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன்தான் எழுத ஆரம்பித்தான். மாணவர் என்று ஒரு க்ளாஸ், அதை அச்சாக வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அந்த ஆப்ஜெக்டுக்குள் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, ரத்த வகை, தந்தை பெயர் என்று பண்புகள். அப்போது எல்லாவற்றையும் திறந்துதான் போட்டிருந்தான். ரசீது அடிக்கும் நிரலோ, பஸ்ஸில் வரும் பிள்ளைகளைப் பிரிக்கும் நிரலோ, எதுவானாலும் மாணவர் என்று எழுதி ஒரு புள்ளி வைத்துத் தந்தை பெயர் என்றால் பெயர் கைக்கு வந்துவிடும். சமக்குறி போட்டு வேறு எதையாவது எழுதினால் அதுவும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்க ஆள் கிடையாது. அந்த வயதில் அவனுக்கு அது பெரிய சௌகரியமாகத் தெரிந்தது. வீட்டுக்குள் யார் வந்து எதை எடுத்தால் என்ன, எல்லாம் நம்ம ஆள்கள்தானே. பீளமேட்டில் கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் அன்றைக்கு மொத்தமே நான்கு பேர், நான்கு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பவர்கள். இப்போது அந்த இரண்டு சொற்களை எத்தனை கோப்புகள் தொடுகின்றன என்று தேடச் சொன்னால் திரை உருண்டுகொண்டே போகிறது, நிற்கிற வழியைக் காணோம். அவன் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை பெயர், தந்தை பெயர், தந்தை பெயர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது அர்த்தத்தைக் கழற்றிவிட்டு வெறும் கோடும் சுழியுமாக நின்றுவிடுகிறது. த-வின் வளைவு. ந்-இன் மேல் ஒரு புள்ளி.

சுகந்தி என்ற அந்த அம்மாளின் போன் வராமல் இருந்தால் இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பொள்ளாச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறவர். அவருடைய மகள் ஆதிரா ஏழாம் வகுப்பு. கணவரைப் பிரிந்த பிறகு, பெண்ணின் விவரத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார். திரையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்காது, சிவப்பில் எழுத்துக் காட்டும். பள்ளி ஆபீஸ்காரர்கள் இங்கே உதவிப் பிரிவுக்குச் சொல்ல, இப்போது வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒரு பையன் குறுக்கு வழியில் போயிருக்கிறான். கட்டத்தின் பக்கமே போகாமல், பின்னாலிருந்து நேராக ஆப்ஜெக்டைப் பிடித்து, புள்ளி வைத்து, சமக்குறி போட்டு, ஒன்றுமில்லை என்பதற்கு அந்தக் கணினி மொழி வைத்திருக்கும் சொல்லை உள்ளே தள்ளிவிட்டான். ஆங்கிலத்தில் நன். அது அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஜூன் மாதம் புது அடையாள அட்டை அச்சானபோது வெளியே வந்தது. ஆதிரா, ஏழாம் வகுப்பு பி பிரிவு, தந்தை பெயர்: நன். பிள்ளைகள் விடுவார்களா. "உங்கப்பா பேரு நன்னா? சர்ச்சுல வெள்ளை டிரெஸ் போட்டிருப்பாங்களே, அவங்களா?" அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்து, அதற்கும் டீச்சர் திட்டி, பிறகு பள்ளிக்கே போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. இதையெல்லாம் சுகந்தி கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் மகுடேஸ்வரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பேர் எதுவும் இல்லைன்னா கம்ப்யூட்டர் அப்படித்தான் மேடம் போடும்," என்று அவன் விளக்கப் போனபோது, "இல்லைன்னா இல்லைன்னு விட்டிருக்கலாமில்லைங்க," என்றார். "இல்லைங்கிறதுக்கு எதுக்குங்க ஒரு பேரு வச்சீங்க?"

சரி பண்ணித் தருகிறேன் மேடம் என்றான். பண்ணுவது பெரிய காரியமும் இல்லை, அதுதான் இந்த மொழியில் அவனுக்குப் பிடித்த விஷயம். உள்ளே இருக்கும் உண்மையான பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோட்டைப் போட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டுக்கு, இது என் உள்விவகாரம், வெளியாள் தொடாதே என்று அர்த்தம். பூட்டெல்லாம் கிடையாது, தொட்டால் ஷாக் அடிக்காது, மரியாதை தெரிந்தவன் தொடமாட்டான், அவ்வளவுதான். பிறகு வெளியில் பழைய தந்தை பெயர் என்ற பெயரிலேயே இரண்டு சின்ன ஃபங்ஷன்கள். யாராவது படிக்க வந்தால் ஒன்று எழுந்து பதில் சொல்லும், அது கெட்டர். யாராவது எழுத வந்தால் இன்னொன்று கையில் இருப்பதை வாங்கிப் பார்த்து, சரியென்றால் உள்ளே வைக்கும், அது செட்டர். கூப்பிடுகிற கோப்புகளுக்கு எதுவுமே தெரியாது. அவை பழையபடி புள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். தாம் நேராகப் பெயரைத் தொடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ஆள் வந்து நிற்பதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அவன் கெட்டரை முதலில் எழுதினான். பெயர் இருந்தால் பெயரைக் கொடு. இல்லாவிட்டால் வெற்றிடம், ஒரு எழுத்தும் வேண்டாம். அட்டை அச்சிடும் கோப்பில், வெற்றிடம் வந்தால் அந்த வரியையே விட்டுவிடு, தந்தை பெயர் என்று போட்டு எதிரே காலி விட்டு வைக்காதே, காலியும் ஒரு பதில்தான், அதையும் பிள்ளைகள் படிப்பார்கள். பள்ளிக்காரர்களின் திரையில் அந்தக் கட்டம் கட்டாயம் என்றிருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டான். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளியில் சத்தம் மாறியது, நிறையப் போகிறது. கீழே யாரோ காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள். வாசனை படியேறி வந்து திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது.

ஒண்ணுமில்லை. சுகந்தியின் கேள்வி மறுபடி வந்தது, ஆனால் வேறு குரலில். எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வாருங்க. அவன் மனைவி கோகிலவாணி சொன்னது அது, ஈரோட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில், ஆலோசகர் அம்மாளின் அறையில், புடவைத் தலைப்பின் நூலை இழுத்து இழுத்துவிட்டபடி. அடிப்பாரா? இல்லீங்க. குடியா? அய்யோ, இல்லீங்க. வேற பொம்பளையா? அதெல்லாம் கிடையாதுங்க. அப்புறம் என்னம்மா என்று ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் அவள் அதைச் சொன்னாள். அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். சுவரில் மின்விசிறியின் சுவிட்சுக்குக் கீழே பெயின்ட் உரிந்து ஒரு ஆமை மாதிரி இருந்தது. நீங்க என்ன சொல்றீங்க சார் என்று ஆலோசகர் அவன் பக்கம் திரும்ப, அவன் ஒண்ணுமில்லைங்க என்றான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கோகிலா அழவில்லை, சிரிக்கவும் இல்லை, நூலை விட்டுவிட்டாள். வேலை போய்விடும் போலிருந்த அந்த மாதங்களில் அவள் கேட்டாள், என்னங்க ஆச்சு என்று. அப்பா இறந்தபோது அவன் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கையில் கேட்டாள். மகள் மிருதுளா பிறந்த அன்று அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அதை நர்ஸ் போய்ச் சொல்லி, அப்போதும் கேட்டாள். உள்ளே எல்லாம் இருந்தது. என்ன இல்லை உள்ளே. பயம் இருந்தது, சந்தோஷம் இருந்தது, இவ்வளவு சின்னக் கால் விரலா என்ற ஆச்சரியம் இருந்தது. கேட்க வந்தவளுக்கு மட்டும் வாசலில் அந்த ஒரு சொல். தீர்ப்பு அன்றைக்கு டவாலி வராந்தாவில் நின்று அவன் பெயரை மகுடீஸ்வரன் என்று கத்தினார், அது தானில்லை என்பதுபோல் அவன் ஒரு கணம் தாமதித்துத்தான் எழுந்தான். அதற்குப் பிறகு கோகிலா போனில் பேசும்போது ஏங்க என்பதில்லை. ஆனால் நீங்க என்கிறாள், அது போகவில்லை. அவன்தான் நீ என்றும் சொல்ல முடியாமல் நீங்க என்றும் சொல்ல வராமல், ஆளைக் குறிக்காத வாக்கியங்களாகத் தேடித் தேடிப் பேசுகிறான். மிருதுவைக் கூட்டிட்டு வந்தாச்சா. சாப்பாடு ஆச்சா. தமிழில் அப்படி வெகு தூரம் போகலாம்.

மிருதுளாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய பள்ளியும் இதே மென்பொருள்தான். இது அவனுக்குச் சுகந்தியின் போன் வந்த அன்றே தெரியும், தெரியும் என்பதைத் தெரியாததுபோல் ஓரமாக வைத்திருந்தான், இப்போது செட்டரை எழுதப் போகையில் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மாற்றம் போனால் எல்லாப் பள்ளிக்கும் போகும். ஈரோட்டில் ஒரு ஆபீஸ் கவுன்ட்டரில் கோகிலா நின்று, எம் பொண்ணுக்கு அந்தப் பேர எடுத்துருங்க என்றால், கவுன்ட்டரில் இருக்கும் பெண் ஒரு கட்டத்தை அழித்து ஒரு பொத்தானை அழுத்துவாள், சிவப்பெழுத்து எதுவும் வராது, அவன் எழுதிய ஃபங்ஷன் வெற்றிடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போய் வைக்கும். அட்டையில் அந்த வரியே இராது. விட்டுப்போன இடம்கூட இராது, அவனே அவ்வளவு அக்கறையாகச் செய்து வைத்திருக்கிறான். கோகிலா அப்படிச் செய்கிறவளா? இல்லை. செய்யமாட்டாள் என்று எப்படித் தெரியும்? அவளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், கேட்கப்பட்டவனாகத்தானே இருந்தான், கேட்டவனாக எப்போது இருந்தான். செய்தால்தான் என்ன, அட்டையில் இல்லாவிட்டால் அப்பன் இல்லாமல் போய்விடுவானா. போகமாட்டான். ஆனாலும் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது அட்டையின் நீல நாடாவை மிருதுளா கழுத்தில் மாட்டிக்கொள்ள, அவனுடைய பெயர் தினமும் அவள் சட்டைப் பொத்தானின் மேல் ஆடிக்கொண்டே ரிக்‌ஷாவில் போகிறது, வருகிறது. அவன் இல்லாத வீட்டுக்குள் அது இருக்கிறது. சில ராத்திரிகளில் மேஜை மேல், சில சமயம் தலையணைக்குப் பக்கத்தில். விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. அவன் எழுதினான்: வருவது வெற்றிடமாக இருந்து, உள்ளே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால், ஏற்காதே.

இரண்டே வரி. பார்க்க நியாயமாகவே இருந்தது. யாராவது கை தவறி அழித்துவிடக் கூடாது, தகவல் பாதுகாப்பு, பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் செய்வார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வேண்டுமானால் காலியாக விட்டுக்கொள்ளட்டும், ஏற்கெனவே இருக்கிற பெயருக்கு ஒரு காவல் வேண்டாமா. அவன் அதற்கு மேலே விளக்கக் குறிப்பு ஒன்றும் எழுதினான், தவறுதலான நீக்கத்தைத் தடுக்க என்று. எழுதிவிட்டு அதைத் திரும்பப் படிக்கவில்லை. வாளியை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, முகம் கழுவி, ஜன்னலோரம் நின்றான். மேற்கே மருதமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது, இங்கே வெயில்.

திரும்பி வந்தபோது ரிஸ்வானா அவன் திரையில் எழுதியதைத் தன் திரையில் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கரும்புக்கடை ஏரியாவிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பெண், சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவன் எழுதுவதை அவள் பார்க்க வேண்டும், அவள் எழுதுவதை அவன் பார்க்க வேண்டும், அது அலுவலக வழக்கம்.

"அண்ணா, கெட்டர் சூப்பருங்ணா. வரியையே தூக்கிட்டீங்க பாருங்க, அது நல்லா இருக்கு."

"ம்."

"ஆனா இந்த செட்டர்ல ஒரு கண்டிஷன் இருக்குதே, இது எதுக்குங்ணா?"

"தெரியாம அழிச்சுட்டாங்கன்னா?"

"அதுக்குத்தான் முன்னாடியே உறுதியாங்களான்னு கேக்குதே." அவள் நாற்காலியோடு உருண்டு இந்தப் பக்கம் வந்தாள். "இல்லீங்ணா, இப்ப அந்தப் பொள்ளாச்சி மேடம் பொண்ணு இருக்கா, அவளுக்கு முன்னாடி அவங்கப்பா பேர் இருந்துச்சு. எடுக்கச் சொன்னாங்க. இதை வச்சா அவங்களாலயே எடுக்க முடியாதே. திருப்பி யாராவது பின்னாடி வழியா வந்து நன் போடுவாங்க."

அவன் திரையைப் பார்த்தான். தவறுதலான நீக்கத்தைத் தடுக்க. தெரிந்த ஆள் மாதிரி அந்த வாக்கியம் அவனைப் பார்த்தது.

"வேணும்னு வச்சீங்களாண்ணா, இல்ல மறந்து வச்சீங்களா?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஒண்ணுமில்லைம்மா என்று நாக்கு புறப்பட்டுவிட்டது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான். "வேணும்னுதான் வச்சேன்," என்றான். "எம் பொண்ணு ஸ்கூலும் இதுதான்."

ரிஸ்வானாவுக்கு அவன் வீட்டு விஷயம் தெரியும், அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அவள் ஹிஜாபின் ஊசியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "டீ சொல்லட்டுங்களாண்ணா?" என்றாள். சொல்லும்மா என்றான். அவள் உருண்டு திரும்பிப் போய்விட்டாள், கண்டிஷனை எடுக்கச் சொல்லவும் இல்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் இல்லை.

டீ வந்து ஆறுகிற நேரம் அவன் அந்த இரண்டு வரிகளைப் பார்த்தபடி இருந்தான். விசித்திரமாக மனசு கலங்கவில்லை. சொல்லியாகிவிட்டதாலோ என்னவோ. ஆதிரா என்ற அந்தப் பெண்ணை அவன் பார்த்ததில்லை, ஆனால் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் ஏதோ ஒரு தெருவில் நடக்கிற சின்ன முதுகு ஒன்று தெரிந்தது, ஜடை, பை, பையின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த தோள். அந்தத் தோள் மிருதுளாவின் தோளாகவும் இருந்தது, அதைத் தவிர்க்க முடியவில்லை. அவளுக்கு வேண்டாத ஒரு பெயரை அவள் கழுத்தில் யாரோ பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த இரண்டு வரி அவ்வளவுதான். அப்படிப் பிடித்து வைத்திருக்கும் பெயர் பெயராக இருக்குமா, அதுவும் ஒருவகை நன்தான். அழிக்க முடியும், ஆனால் அழிக்காமல் இருக்கிறார்கள் என்றால் அது வேறு. அழிக்கவே முடியாது என்பதால் இருக்கிறது என்றால்? அதில் அவனுக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பயம் போய்விடவில்லை, அது பாட்டுக்கு இருந்தது, டீயின் மேல் படிந்த ஆடை மாதிரி லேசாக, ஊதினால் ஓரமாகப் போய் மறுபடி கூடிக்கொண்டு. அவன் முதலில் குறிப்பை அழித்தான். பிறகு முதல் வரி. இரண்டாவது வரியின் மேல் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் சிமிட்டட்டும் என்று விட்டான், பிறகு அதையும் அழித்தான். சோதனைகளை ஓடவிட்டான். சரி என்பதற்கான பச்சை வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயர் உள்ள பிள்ளை, பெயர் இல்லாத பிள்ளை, பெயர் இருந்து எடுக்கப்பட்ட பிள்ளை. மூன்றாவதும் பச்சை. "ரிஸ்வானா, எடுத்துட்டேன், பாத்துரும்மா," என்றான். "பாத்துட்டேங்ணா, ஓகே," என்றாள் அங்கிருந்தே, திரும்பாமல்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கோகிலாவுக்குப் போன் செய்தான். இது எதற்கு என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தாள்.

"சொல்லுங்க."

"மிருது ஸ்கூல் சாஃப்ட்வேர்ல ஒரு மாத்தம் வருது. அப்பா பேர் கட்டாயம் இல்லை இனிமே. காலியா விடலாம். வேணும்னா எடுத்துக்கலாம்."

எதிர்ப்பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. அவள் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறாள். ஏதோ ஒரு கதவைச் சாத்தினாள், இரைச்சல் குறைந்தது.

"எதுக்குங்க இதை எங்கிட்டச் சொல்றீங்க? என்னாச்சு?"

பஸ் ஒன்று வந்து, ஆள்களை இறக்கி, போனது. "பயமா இருந்துச்சு," என்றான். "எடுத்துருவியோன்னு." நீ என்று வந்துவிட்டது. "அதை எடுக்க முடியாதபடி எழுதிக்கூடப் பாத்தேன். அப்புறம் வேண்டாம்னு அழிச்சுட்டேன். அதான், சொல்லிரலாம்னு."

லைன் போய்விட்டதோ என்று அவன் திரையைப் பார்த்தான், இருந்தது.

"போன வருசம் கேட்டேனுங்க ஸ்கூல்ல," என்றாள் கோகிலா. "மெஷின் எடுத்துக்காதுன்னாங்க. கோபத்துல கேட்டது. இப்ப... இப்ப எனக்குத் தெரியலைங்க. தோணுனா எடுப்பேன். தோணலைன்னா இல்லை."

"சரி," என்றான். அது வலித்தது, ஆனால் நேராக வந்து வலித்தது. "எடுக்கறதுன்னா எடுத்துக்கலாம்."

பிறகு அவள் குரல் வேறு வேலைக்கு மாறியதுபோல் வேகமாக வந்தது. "நாளைக்கு உங்க வாரம் இல்லைதான். மிருதுவுக்குக் கடைவாப் பல்லு ரெண்டு நாளா வலி, ராத்திரியெல்லாம் தூங்கலை. டாக்டர் காலைல பத்து மணிக்கு வரச் சொன்னாரு, புடுங்கணும்னாரு. எங்களுக்கு ஆடிட்டு, லீவு தரமாட்டேங்கிறாங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"வர்றேன்."

"ஊசின்னா பயப்படுவா. சத்தம் போடமாட்டா, உங்கள மாதிரிதான், பேசாம இருப்பா. நல்லா இருக்கான்னு நெனச்சுக்காதீங்க. ஒரு கைய கெட்டியாப் புடிச்சுக்கணும்."

"எந்தக் கை?"

"எடது கைங்க. வலது கையால கண்ணை மூடிக்குவா."

"எடது கை," என்று அவன் அவளுக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னான்.